சர்க்கரை வியாதியும் மூளையும் மூலிகையும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், சர்க்கரை வியாதியானது மனிதனுடைய மூளையை எவ்விதம் கெடுக்கின்றது என்பதும், அப்படிக் கெடாமல் செடி கொடிகளிலுள்ள சத்துக்கள் காப்பாற்றும் என்று சொல்லப்படுவதில் எவ்வளவு உண்மை இருக்கின்றது என்பதுமாகும். இது வைத்தியர்கள் பேச வேண்டிய சங்கதியாயிற்றே, உங்களுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நோய் நம்முடையது, உடம்பு நம்முடையது, மருந்துக்குக் கொடுக்கும் பணமும் நம்முடையது. அப்படியிருக்க, அதைப்பற்றி யோசிக்கும் உரிமை மாத்திரம் எப்படி வேறொருவருடையதாகிவிடும்? வைத்தியம் செய்வது வைத்தியன் வேலை. எதை நம்புவது, எதை நம்பாமலிருப்பது என்று தீர்மானிப்பது ஒவ்வொரு மனிதனுடைய வேலையுமாகும்.

இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நாடு முழுவதும் எடுத்த கணக்கு 2023-ல் வெளியாயிற்று. அதன்படி இந்நாட்டில் சர்க்கரை வியாதியஸ்தர்கள் சுமார் 10 கோடிப் பேர். வியாதியின் வாசற்படியில் வந்து நிற்கிறவர்கள் இன்னும் 13 கோடிக்கு மேல். பணக்காரன் வியாதி என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்டது, இன்று கூலிக்காரன் வீட்டிலும் குடியேறிவிட்டது. இதனால் காலில் புண் ஆறாது, கண் மங்கும், சிறுநீரகம் கெடும் என்பதெல்லாம் இப்போது பலருக்குத் தெரியும். ஆனால் மூளையும் கெடும் என்பது மிகச் சிலருக்குத்தான் தெரியும். ஒருவர் 65 வயதில் கொடுத்த பணத்தை மறக்கிறார். தெரிந்த தெருவில் வழி தப்புகிறார். பேரன் பெயரை மாற்றிச் சொல்லுகிறார் என்றால், "வயசாகிவிட்டது" என்கிறோம். அல்லது "தலையெழுத்து" என்கிறோம். இன்னும் சில இடங்களில் யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று மந்திரவாதியைக் கூப்பிட்டுக் கோழி அறுக்கிறார்கள். கோழியின் இரத்தம் கொட்டுகிறதே தவிர, அந்த மனிதனுடைய இரத்தத்தில் ஒரு சொட்டு எடுத்துச் சோதித்துப் பார்ப்போம் என்ற எண்ணம் வருவதில்லை.

தோழர்களே! இது தலையெழுத்தா என்பதைக் கணக்கைக் கொண்டு பாருங்கள். ஹாலந்து தேசத்து ராட்டர்டாம் நகரில் 6,370 வயதானவர்களைத் தொடர்ந்து கவனித்து 1999-ல் முடிவை வெளியிட்டார்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு, டிமென்ஷியா என்கிற மறதி நோய் வரும் அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு பங்காக இருந்தது. இங்கிலாந்தில் அரசாங்க உத்தியோகஸ்தர்கள் 10,000 பேருக்கு மேல் பல ஆண்டு காலம் தொடர்ந்து பார்த்து 2021-ல் மற்றொரு முடிவை வெளியிட்டார்கள். 70 வயதுக்காரர்களில், வியாதி வந்து 10 வருஷத்துக்கு மேலானவர்களுக்கு மறதி நோயின் அபாயம், வியாதி இல்லாதவர்களைப்போல் இரண்டு பங்கு. எவ்வளவு சீக்கிரத்தில் வியாதி பிடிக்கிறதோ அவ்வளவுக்கு அபாயமும் அதிகம். பிரமன் எழுதின எழுத்தாக இருந்தால், அது இரத்தத்திலுள்ள சர்க்கரையின் அளவையும் வருஷத்தையும் பார்த்துக்கொண்டா எழுதப்பட்டிருக்கும்?

இனி, சர்க்கரை மூளையை எப்படிக் கெடுக்கிறது என்று பார்ப்போம். மூளை நம் உடம்பின் எடையில் 100-க்கு 2 பங்குதான். ஆனால் நாம் மூச்சில் இழுக்கும் பிராணவாயுவில் 5-ல் ஒரு பங்கை அது ஒன்றே தின்றுவிடுகிறது. ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் சர்க்கரையும் அதற்கு வேண்டும். ஆகவே மூளைக்குச் சர்க்கரை விஷமல்ல, அதுவே உணவு. உணவு அளவுக்கு மிஞ்சுவதுதான் ஆபத்து. தசைகளுக்குள் சர்க்கரை நன்றாய் நுழைவதற்கு இன்சுலின் என்னும் சாவி வேண்டும். மூளையின் நரம்புக்குள்ளும், இரத்தக் குழாய்களின் உட்சுவருக்குள்ளும் நுழைய அநேகமாக அந்தச் சாவி வேண்டியதில்லை. அதாவது அவை கதவில்லாத வீடுகள். தெருவில் வெள்ளம் வந்தால் கதவில்லாத வீட்டிற்குள் என்ன நடக்குமோ அதுதான் அங்கு நடக்கிறது.

உள்ளே போன சர்க்கரை என்ன செய்கிறது? நமது உடம்பிலுள்ள அநேகமாக ஒவ்வொரு அணுவறையிலும் மைட்டோகாண்டிரியா என்ற சிறு அடுப்புகள் இருக்கின்றன. சர்க்கரையைப் பிராணவாயுவோடு சேர்த்து எரித்து நமக்குச் சக்தி கொடுப்பவை அவைகளே. அடுப்பில் அளவோடு விறகு வைத்தால் சோறு வேகும். அளவுக்கு மேல் திணித்தால் புகையும் பொறியும் பறக்கும். அதுபோல, சர்க்கரை மிஞ்சும்போது இந்த அடுப்புகளிலிருந்து பிராணவாயுவே பாதி வெந்த நிலையில் பொறியாகத் தெறிக்கிறது. இந்தப் பொறிகளுக்குத்தான் பிரீ ராடிக்கல் என்று பெயர். நீரிழிவில் உண்டாகும் பல கேடுகளுக்கும் ஆரம்பம் இந்தப் பொறிகளே என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர் மைக்கேல் பிரௌன்லீ என்பவர் 2001-ல் விளக்கி எழுதினார். இரும்பு துருப்பிடிப்பதும், நறுக்கி வைத்த கத்தரிக்காய் கறுப்பதும், நாள்பட்ட எண்ணெய் காறிப்போவதும் பிராணவாயு செய்கிற வேலையே. மூளையோ கொழுப்பு நிறைந்த உறுப்பு. காறிப்போக அதைவிடத் தகுந்த பொருள் வேறென்ன வேண்டும்?

அன்றியும், மிஞ்சின சர்க்கரை உடம்பிலுள்ள புரதங்களின் மேல் பாகு போல் ஒட்டிக்கொள்ளுகிறது. மூன்று மாதச் சராசரி என்று இன்று ஒரு இரத்தப் பரீட்சை செய்கிறார்களே, அது இரத்தத்தின் சிவப்புப் பொருளில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதுதான். இரத்தத்தில் ஒட்டுவது இரத்தக் குழாயிலும் ஒட்டும். மூளைக்குப் போகும் மெல்லிய குழாய்கள் தடித்துக் குறுகும், சில அடைபடும். பெரிய குழாய் அடைபட்டால் பக்கவாதம் என்று எல்லோருக்கும் தெரிகிறது. சின்னஞ் சிறு குழாய்கள் ஒவ்வொன்றாய் அடைபட்டால் யாருக்கும் தெரிவதில்லை. அறிவு மாத்திரம் கொஞ்சங் கொஞ்சமாய் மங்குகிறது.

நிற்க, மூலிகைச் சங்கதிக்கு வருவோம். செடி ஓடி ஒளிய முடியாதது. நாள் முழுதும் வெயிலில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. வெயிலாலும் பூச்சியாலும் வரும் கேட்டிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள அது பல சத்துக்களை உண்டாக்கி வைத்துக்கொண்டிருக்கிறது. மஞ்சளிலுள்ள குர்குமின், வெங்காயத்திலுள்ள குவெர்செட்டின், தேயிலையிலுள்ள கேட்டகின், திராட்சைத் தோலிலுள்ள ரெஸ்வெரட்ரால், நெல்லிக்காயிலுள்ள புளிப்புச் சத்து ஆகியவை அப்படிப்பட்டவை. இவை கண்ணாடிக் குழாயில் மேலே சொன்ன பொறிகளை அணைக்கின்றன. ஆன்டி ஆக்சிடன்ட் என்று இவற்றைச் சொல்லுவார்கள். நாம் சௌகரியத்துக்காகத் துருத்தடுப்புச் சத்து என்று சொல்லிக்கொள்ளுவோம். பொறியால் மூளை கெடுகிறது; செடிச் சத்து பொறியை அணைக்கிறது; ஆகையால் செடிச் சத்தைத் தின்றால் மூளை பிழைக்கும் என்பது வாதம். கேட்பதற்கு வெகு அழகாய்த்தான் இருக்கிறது. தர்க்கம் அழகாயிருப்பது வேறு, அது உண்மையாயிருப்பது வேறு என்பதை நாம் மறக்கக்கூடாது.

இந்த வாதத்திற்கு அத்தாட்சி இல்லாமலும் இல்லை. எலியைப் பிடித்து ஸ்ட்ரெப்டோசோடோசின் என்னும் விஷத்தை ஊசி மூலம் ஏற்றுகிறார்கள். அது கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பாகத்தைக் கொன்றுவிடுகிறது. சில நாளில் எலிக்குச் சர்க்கரை வியாதி வந்துவிடும். பிறகு அதைத் தண்ணீர்த் தொட்டியில் விடுகிறார்கள். தண்ணீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சிறு மேடை இருக்கும். புத்தி சரியாயுள்ள எலி, நாலு நாள் பழகினால் மேடை இருக்கும் இடத்தை ஞாபகம் வைத்து நேரே நீந்திப் போய் ஏறிக்கொள்ளும். வியாதி எலி சுற்றிச் சுற்றி வரும். இப்படிப்பட்ட எலிக்குக் குர்குமினையோ குவெர்செட்டினையோ கொடுத்துவந்தால் அது மேடையைச் சீக்கிரம் கண்டுபிடிக்கிறது என்றும், அதன் மூளையில் துருக்கேடு குறைந்திருக்கிறது என்றும் பல ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. இது பொய்யல்ல. இவ்விதம் செய்து பார்த்தவர்கள் யோக்கியமான உழைப்பாளிகள். ஆனால் பத்திரிகைக்காரனும் டப்பா வியாபாரியும் இதிலிருந்து எலியை எடுத்துவிட்டு, "மஞ்சள் மூளையைக் காக்கும், விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு" என்று மாத்திரம் போடுகிறார்களே, அங்கேதான் பித்தலாட்டம் ஆரம்பிக்கிறது.

எலிக்கு ஆனது மனிதனுக்கு ஏன் ஆகாது என்று கேட்பீர்கள். மூன்று காரணங்கள் சொல்லுகிறோம். முதலாவது, எலியின் வியாதி விஷத்தால் ஒரு வாரத்தில் வந்தது. மனிதனுடைய வியாதியோ 10 வருஷம், 20 வருஷம் உடம்பில் ஊறியது. இரண்டாவது, அளவு. எலிக்கு ஒரு கிலோ எடைக்கு 100 மில்லி கிராம் குர்குமின் வீதம் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எலியும் மனிதனும் வேறாகையால், வழக்கமாய்ச் செய்வதுபோல் அதை 6-ல் ஒரு பங்காகக் குறைத்தே கணக்குப் பண்ணினாலும், 60 கிலோ மனிதனுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு கிராம் குர்குமின் வேண்டும். மஞ்சளில் குர்குமின் 100-க்கு 3 பங்குதான். ஆக, 30 கிராமுக்கு மேல் மஞ்சள் பொடியைத் தினந்தோறும் விழுங்க வேண்டும். குழம்பில் ஒரு சிட்டிகை போடுகிறவர்களுக்கு இதிலிருந்து என்ன தெரிகிறது?

மூன்றாவது காரணம் மிக முக்கியமானது. குர்குமின் வயிற்றுக்குள் போவதெல்லாம் இரத்தத்துக்குள் போவதில்லை. பெங்களூரில் செய்து 1998-ல் வெளியிட்ட ஒரு பரீட்சையில், மனிதர்களுக்கு 2 கிராம் குர்குமினைத் தனியாகக் கொடுத்தபோது இரத்தத்தில் அது கண்டுபிடிக்கவே அரிதாயிருந்தது. மிளகிலுள்ள பைபரின் என்ற சத்தில் 20 மில்லி கிராம் சேர்த்துக் கொடுத்தபோது அது 20 மடங்கு உயர்ந்தது. "பார்த்தீர்களா, நம் முன்னோர்கள் மஞ்சளையும் மிளகையும் சேர்த்துத்தானே ரசம் வைத்தார்கள்!" என்று உடனே ஒரு கூட்டம் மார்தட்டும். இல்லாததற்குப் பக்கத்தில் இருப்பதை 20 மடங்கு ஆக்கினாலும் அது எவ்வளவு ஆகும் என்று அவர்கள் சொல்லுவதில்லை. அன்றியும், மிளகின் அந்தச் சத்து, சாப்பிடுகிற வேறு மருந்துகளையும் இரத்தத்தில் அளவுக்கு மேல் ஏற்றிவிடக்கூடும் என்பதையும் சொல்லுவதில்லை.

சரி, மனிதர்களுக்கே கொடுத்துப் பார்த்தார்களா என்றால், பார்த்திருக்கிறார்கள். நம்பிக்கைக்காரர்களுக்குச் சங்கடமாயிருந்தாலும் முடிவுகளை அப்படியே சொல்லுகிறோம். பின்லாந்தில் புகை குடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்து, கேரட்டின் மஞ்சள் சத்தாகிய பீட்டா கரோட்டினை ஒரு பகுதியாருக்கு மாத்திரையாகக் கொடுத்தார்கள். 1994-ல் முடிவு வந்தது. நுரையீரல் புற்றுநோய், மாத்திரை தின்றவர்களுக்கு 100-க்கு 18 வீதம் அதிகமாய் வந்தது! அமெரிக்காவில் அதே மாதிரி நடந்த வேறொரு பரீட்சையை, கெடுதல் தெரிந்ததால் 1996-ல் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. மூளைக்கு நல்லது என்று உலகமெல்லாம் விற்கப்படும் கிங்கோ இலைச் சத்தை, 75 வயதும் அதற்கு மேலுமான 3,069 அமெரிக்கர்களைக் கொண்டு சுமார் 6 வருஷம் சோதித்தார்கள். 2008-ல் வந்த முடிவு, அந்த இலை மறதி நோயைத் தடுக்கவில்லை என்பதே.

இன்னும் நமது விஷயத்துக்கு நெருங்கியது ஒன்று உண்டு. இங்கிலாந்தில் 20,536 பேரைச் சேர்த்து ஒரு பரீட்சை நடத்தினார்கள். அவர்களில் சுமார் 6,000 பேர் சர்க்கரை வியாதியஸ்தர்கள். ஒரு பாதிக்கு வைட்டமின் ஈ, வைட்டமின் சி, பீட்டா கரோட்டின் என்ற மூன்று துருத்தடுப்புச் சத்துக்களையும் 5 வருஷம் தினமும் கொடுத்தார்கள். மறு பாதிக்கு வெறும் மாவு மாத்திரை. எவருக்கு எது என்று வைத்தியனுக்கும் தெரியாது, உண்பவனுக்கும் தெரியாது. 2002-ல் கணக்குப் பார்த்தார்கள். சத்துக்கள் இரத்தத்தில் ஏறித்தான் இருந்தன. ஆனால் சாவு குறையவில்லை, மாரடைப்பு குறையவில்லை, பக்கவாதம் குறையவில்லை, அறிவு மங்குவதும் குறையவில்லை. அதே பரீட்சையில் அதே ஜனங்களில் ஒரு பாதியினருக்குக் கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் மாத்திரையும் கொடுத்தார்கள். அதைத் தின்றவர்களுக்குப் பக்கவாதம் 4-ல் ஒரு பங்கு குறைந்தது. எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்பது வாய்ப்பேச்சினால் தெரிந்ததா, அல்லது இப்படிப் பாதி பாதியாய்ப் பிரித்து எண்ணிப் பார்த்ததினால் தெரிந்ததா?

ஏன் இப்படி ஆயிற்று? நமது உடம்பிலேயே பொறியணைக்கும் சாமான்கள் இருக்கின்றன. அவற்றில் முக்கியமான ஒன்றை 1969-லேயே அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். அன்றியும் பொறி எல்லாம் விரோதி அல்ல. சிறு பொறிகள் உடம்புக்குச் சேதி சொல்லுகிற ஆட்கள். ஜெர்மனியில் வாலிபர்கள் சுமார் 40 பேருக்கு 4 வாரம் தேகப்பயிற்சி கொடுத்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு வைட்டமின் சி-யும் ஈ-யும் கொடுத்தார்கள். 2009-ல் வெளியான முடிவு என்னவென்றால், மாத்திரை தின்னாதவர்களுடைய உடம்பில் இன்சுலின் முன்னைவிட நன்றாய் வேலை செய்தது; தின்றவர்களுக்கு அந்த லாபம் கிடைக்கவில்லை. உடம்பு தானே பலப்படுவதற்குப் பொறி கொடுத்த சேதியை மாத்திரை அணைத்துவிட்டது. ஆகவே பறக்கிற பொறியை ஒவ்வொன்றாய்ப் பிடிக்க ஓடுவதைவிட, அடுப்பில் திணித்த விறகைக் குறைப்பதே புத்திசாலித்தனம்.

அப்படியானால் செடி கொடியெல்லாம் வீண் என்கிறீர்களா என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். நாம் அப்படிச் சொல்லவில்லை. இன்று சர்க்கரை வியாதிக்கு உலகெங்கும் முதலில் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையின் பூர்வீகம் ஒரு செடிதான். ஐரோப்பாவிலுள்ள கலேகா என்ற அச்செடியைப் பழைய நாட்டு வைத்தியத்தில் உபயோகித்து வந்தார்கள். அதே செடியைத் தின்று ஆடுகள் செத்ததும் உண்டு. அதிலுள்ள சரக்குக்குச் சர்க்கரையைக் குறைக்கும் குணமும் இருந்தது, விஷமும் இருந்தது. அதே இனத்தைச் சேர்ந்த, விஷம் குறைந்த பொருளை விஞ்ஞானிகள் 1922-ல் செய்தார்கள். பாரிஸ் நகர வைத்தியர் ழான் ஸ்டெர்ன் 1957-ல் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலனை வெளியிட்டார். முன்னோர் வாக்கு என்று செடியைக் கும்பிட்டிருந்தாலும் இது கிடைத்திராது; காட்டுச் செடி என்று எறிந்திருந்தாலும் கிடைத்திராது. பரீட்சை செய்ததனால் கிடைத்தது. தாய்லாந்தில் வியாதியின் வாசற்படியில் நின்ற 240 பேருக்கு 9 மாதம் குர்குமின் பரீட்சை செய்து 2012-ல் வெளியிட்டார்கள். குர்குமின் தின்றவர்களில் ஒருவருக்கும் வியாதி வரவில்லை. மற்றவர்களில் 100-க்கு 16 பேருக்கு வந்தது. இது நல்ல சேதிதான். வேறு பல இடங்களிலும், இன்னும் அதிகப் பேரைக் கொண்டும், அதிக காலமும் செய்து பார்த்து அப்படியே வந்தால் நாமும் கை தட்டுவோம். ஆனால் சர்க்கரை வியாதியஸ்தனுடைய மூளையைக் காக்கும் என்று பெரிய பரீட்சையில் ருஜுவான மூலிகை மாத்திரை இன்றுவரை ஒன்றும் இல்லை.

செடியை மாத்திரையாகத் தின்பது வேறு, சாப்பாடாகத் தின்பது வேறு. பார்சிலோனா நகரில் 447 பேரை வைத்து நடத்தி 2015-ல் வெளியிட்ட பரீட்சையில், காய்கறி, பயறு நிறைந்த சாப்பாட்டோடு ஆலிவ் எண்ணெயோ கொட்டைப் பருப்போ சேர்த்து உண்டவர்களுக்கு 4 வருஷத்தில் அறிவின் கூர்மை மற்றவர்களைவிட நன்றாயிருந்தது. அமெரிக்காவில் 604 பேரைக் கொண்டு 3 வருஷம் அதுபோன்ற சாப்பாட்டைச் சோதித்து 2023-ல் வெளியிட்டதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டையும் சொல்லுவதுதான் நாணயம். எப்படியானாலும், தட்டில் சோற்றைக் குறைத்துக் கீரையும் பயறும் வெங்காயமும் காயும் அதிகப்படுத்தினால், சர்க்கரை மெள்ள ஏறும், வயிறும் நிறையும், அதாவது அடுப்புக்குப் போகும் விறகு குறையும். நெல்லிக்காய் நல்லதுதான். அதை வெல்லப் பாகில் ஊறப்போட்டு லேகியம் என்று சர்க்கரை வியாதிக்காரனுக்கே விற்கிறானே, அதைத்தான் நாம் கண்டிக்கிறோம்.

மூளையைக் காப்பதற்கு ருஜுவுள்ள வழிகளைச் சொல்லுகிறோம். வியாதியை வரவிடாமல் தள்ளிப்போடுவது முதல் வழி. சென்னையில் வியாதியின் வாசற்படியிலிருந்த 531 பேரைக்கொண்டு செய்து 2006-ல் வெளியிட்ட பரீட்சையில், ஒன்றும் செய்யாதவர்களில் 100-க்கு 55 பேருக்கு 3 வருஷத்திற்குள் வியாதி வந்துவிட்டது. நடை நடந்து, சாப்பாட்டைத் திருத்திக்கொண்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. இரண்டாவது, இரத்த அழுத்தத்தை அடக்குவது. இங்கிலாந்தில் சர்க்கரை வியாதியும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு அழுத்தத்தை நன்றாய் அடக்கியதில், பக்கவாதம் 100-க்கு 44 பங்கு குறைந்தது என்று 1998-ல் கண்டார்கள். எந்தக் கஷாயம் இப்படிப்பட்ட கணக்கைக் காட்டியிருக்கிறது? மூன்றாவது, சர்க்கரையை ஆரம்பத்திலிருந்தே நிதானமாய் அடக்கி வைப்பது. வயதான பிறகு ஒரேயடியாய் இறக்குவது ஆபத்து. அமெரிக்காவில் அப்படிக் கடுமையாய் இறக்கிய ஒரு பெரிய பரீட்சையில் சாவு அதிகப்பட்டதால் 2008-ல் அந்தப் பகுதியை நிறுத்தினார்கள். சர்க்கரை மிகவும் தாழ்ந்து மயங்கி விழுவதும் மூளைக்குக் கெடுதியே. நான்காவது, பீடி, சிகரெட், சாராயத்தை விடுவது. ஐந்தாவது, மெட்ஃபார்மின் பல வருஷம் தின்றால் வைட்டமின் பி-12 குறையக்கூடும். அது குறைந்தாலும் மறதி வரும். ஆகவே வைத்தியரைக் கேட்டு அதைச் சோதித்துக்கொள்ளுங்கள். இந்த மறதி ஊசி போட்டால் தீரக்கூடிய மறதி.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் ஆண்பிள்ளைக்குச் சர்க்கரை என்றால் கேழ்வரகும் கீரையும் தனியே சமைக்கிறீர்கள். நீங்கள் கடைசியில் உட்கார்ந்து மீந்த சோற்றையும் குழம்பையும் சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கிறீர்கள். உங்கள் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தது எப்போது? மூளை ஆண்களுக்கு மாத்திரம் இருப்பதல்லவே!

இவ்வளவு தூரம் நாம் வற்புறுத்திச் சொல்லுவதற்குக் காரணம், இது உயிர் சம்பந்தப்பட்டது. "இயற்கை மருந்து, பக்க விளைவில்லை" என்று நம்பி இன்சுலினையும் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்சுலின் சிறிதும் சுரக்காத குழந்தைகளுக்கு 1922-க்கு முன் சர்க்கரை வியாதி என்றால் சாவு என்றே பொருள். இன்று கடையில் விற்கும் வேரும் பட்டையும் இலையும் அப்போதும் பூமியில் இருந்தன. ரிஷிகளும் சித்தர்களும் எழுதியதாய்ச் சொல்லும் சுவடிகளும் இருந்தன. அக்குழந்தைகளைக் காப்பாற்றியது 1922 ஜனவரியில் டொரான்டோ நகரில் 14 வயதுப் பையனுக்குப் போட்ட இன்சுலின் ஊசியே. இன்னொன்றும் கேளுங்கள். 2008-ல் சிங்கப்பூரில், சர்க்கரை வியாதியே இல்லாத 150 பேர், இரத்தத்தில் சர்க்கரை மிகத் தாழ்ந்து ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் பலர் உண்டது, ஆண்மைக்கு என்று கள்ளத்தனமாய் விற்ற மாத்திரைகளும் மூலிகைச் சரக்குகளும். சோதித்துப் பார்த்தால் அவற்றில் சர்க்கரையை இறக்கும் இங்கிலீஷ் மருந்து கலந்திருந்தது. மூளைக்குச் சர்க்கரை கிடைக்காமல் 7 பேர் நினைவு திரும்பாமல் கிடந்தார்கள்; 4 பேர் இறந்தார்கள். மூலிகை என்று டப்பாவின் மேல் எழுதியிருப்பதினாலேயே உள்ளே இருப்பது மூலிகையாகிவிடுமா?

ஆகவே, இனிமேல் யாராவது மூளையைக் காக்கும் மருந்து என்று உங்களிடம் வந்தால் நான்கு கேள்விகள் கேளுங்கள். இதை எலிக்குக் கொடுத்தாயா, மனிதனுக்குக் கொடுத்தாயா? எத்தனை பேருக்கு, எத்தனை வருஷம்? கொடுக்காத பாதிப் பேருக்கு என்ன ஆயிற்று? உன் டப்பாவுக்குள் இருப்பதைச் சோதித்தவன் யார்? இந்த நான்கையும் சித்த வைத்தியனிடமும் கேளுங்கள், ஆயுர்வேதக்காரனிடமும் கேளுங்கள், கோட்டுப் போட்ட டாக்டரிடமும் கேளுங்கள், மேல்நாட்டுக் கம்பெனியிடமும் கேளுங்கள். பழைமை என்பதற்காக நம்புவது எவ்வளவு தவறோ, பழைமை என்பதற்காகத் தள்ளுவதும், வெள்ளைக்காரன் செய்தது என்பதற்காக விழுங்குவதும் அவ்வளவு தவறே.

நாம் சொன்னதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். வீட்டிற்குப் போய் யோசியுங்கள், படித்தவர்களைக் கேளுங்கள், கணக்கைப் பாருங்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் மாத்திரையை நிறுத்தாதீர்கள். இல்லாதவர்கள் 30 வயதானால் ஒரு தடவையாவது இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். அந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒரு டப்பா லேகியத்தின் விலையைவிடக் குறைவு. அரசாங்க ஆஸ்பத்திரியில் அதுவும் கிடையாது. யோசிக்கிறதற்கு நமக்குள்ள கருவி மூளை ஒன்றுதான். அதைக் காப்பாற்றுகிற காரியத்திலாவது அதைக் கொஞ்சம் உபயோகிக்க வேண்டாமா?